கீரையும் கூரையும்: உயிரொலியின் அகலத்தைக் காது எப்படி அறிகிறது?

தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டுப் பேச்சில் மூழ்கியிருப்பவர், குடம் நிறையப் போவதைத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொள்கிறார். முதலில் கனத்து விழும் ஓசை மெல்ல மெல்ல உயர்கிறது. கழுத்தருகே நீர் வந்ததும் கீச்சென்று மெலிகிறது. குடத்துக்குள் இருக்கும் காற்றின் இடம் சுருங்கச் சுருங்க அதன் ஒத்ததிர்வு உயர்கிறது. காது அந்த உயர்வை ‘இடம் குறைகிறது’ என்று படித்துக்கொள்கிறது. இதை யாரும் நமக்குக் கற்பிக்கவில்லை.

நம் வாயும் ஒரு குடம்தான். வித்தியாசம் என்னவென்றால், இந்தக் குடத்தின் வடிவத்தை நாக்கும் உதடும் தாடையும் நொடிக்குப் பல முறை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அப்படி மாறும் வடிவங்களைத்தான் அ, இ, உ என்று உயிரெழுத்துகளாகக் கற்பிக்கிறோம். ஓர் உயிரொலியைக் கேட்கும்போது ‘இது அகன்ற ஒலி, இது ஒடுங்கிய ஒலி’ என்று காது எடைபோடுவதும், குடம் நிறைவதை அறிவதும் ஒரே திறமையின் இரு பயன்கள். இந்தத் திறமை தொடக்க வகுப்பில் எழுத்துப்பிழையாகவும் வெளிப்படும். சில குழந்தைகளிடம் யாரும் கவனிக்காத செவிக்குறைபாட்டின் முதல் தடயமாகவும் வெளிப்படும். ஆகவே மொழியாசிரியர் மட்டும் அறிந்தால் போதும் என்று இதை விட்டுவிட முடியாது.

முதலில் ஒரு சிறு சோதனை. இதைப் படிக்கும்போதே செய்து பார்க்கலாம். குரல் எழுப்பாமல், மூச்சை மட்டும் விட்டு, கிசுகிசுப்பாக ஊ, ஓ, ஆ, ஏ, ஈ என்று வரிசையாகச் சொல்லுங்கள். ஒரு மெட்டு ஏறுவதுபோலக் கேட்கும். ஊ அடியில் இருக்கும். ஈ உச்சியில் இருக்கும். கிசுகிசுப்பில் குரல்நாண்கள் அதிர்வதில்லை என்பதால் சுருதி என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. அப்படியானால் ஏறியது எது? நாக்குக்கும் உதட்டுக்கும் இடையே அடைபட்ட காற்றின் ஒத்ததிர்வு. ஈ சொல்லும்போது நாக்கின் முன்பகுதி மேலண்ணத்தை நெருங்கி நிற்கிறது. அதற்கு முன்னால் எஞ்சுவது மிகச் சிறிய அறை. சிறிய அறை உயர்ந்த ஒலியைத் தருகிறது. ஊ சொல்லும்போது நாக்கு பின்னிழுத்துக்கொள்கிறது, உதடு குவிந்து முன்னே நீள்கிறது. அறை பெரிதாகி, வாசல் குறுகி, ஒலி தாழ்கிறது.

இசையாசிரியர் உள்ள பள்ளிகளில் மோர்சிங் கொண்டு இதையே காட்டலாம். மோர்சிங்கின் நாக்குத்தகட்டுக்கு ஒரே அதிர்வெண்தான். வாசிப்பவர் தன் வாயறையின் வடிவை மாற்றி, அந்த ஒற்றை ஒலிக்குள் இருக்கும் மேலதிர்வுகளில் எது எடுத்துக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்கிறார். பேச்சிலும் இதுவே நடக்கிறது. குரல்நாண் கொடுப்பது கச்சாப்பொருள். உயிரொலியாக அதை வார்ப்பது வாயறை.

மேல்நிலை இயற்பியலில் வரும் ஒத்ததிர்வுக் காற்றுத்தம்பச் சோதனையை நினைவில் கொண்டால் எண்கள் எளிதில் விளங்கும். வளர்ந்த ஆணின் குரல்வளையிலிருந்து உதடு வரை ஏறத்தாழ 17 செ.மீ. நீளம். ஒரு முனை மூடிய, எங்கும் ஒரே அகலமுள்ள அந்த நீளக் குழாய்க்கு ஒத்ததிர்வுகள் சுமார் 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் அமையும். நாக்கு அந்தக் குழாயை ஓரிடத்தில் நெருக்கி வேறோரிடத்தில் விரிக்கும்போது இந்த எண்கள் இடம் மாறுகின்றன. 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பீட்டர்சன், பார்னி என்ற இருவர் ஆண், பெண், குழந்தைகள் என 76 பேரின் உயிரொலிகளை அளந்தார்கள். ஆண்களின் சராசரியில் ஈ போன்ற ஒலிக்கு முதல் ஒத்ததிர்வு 270, இரண்டாவது 2290 ஹெர்ட்ஸ். ஆ போன்ற ஒலிக்கு 730, 1090. ஊ போன்ற ஒலிக்கு 300, 870. இவை அமெரிக்க ஆங்கில உயிர்கள். தமிழில் எண்கள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், ஆனால் வரிசை இதேதான்.

இந்த மூன்று சோடி எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சற்று உற்றுப் பார்ப்பது நல்லது. கட்டுரையின் பிற்பகுதி முழுதும் இவற்றின் மேல்தான் நிற்கிறது. முதல் எண் தாடை எவ்வளவு திறந்தது என்பதைக் காட்டுகிறது: வாய் திறக்கத் திறக்க அது உயர்கிறது. நம் இலக்கணம் அங்காப்பு என்று சொல்வது இதைத்தான். தொல்காப்பியமும் நன்னூலும் அ, ஆ இரண்டுக்கும் அங்காப்பை மட்டுமே சொல்லி, இ வரிசைக்கு நாவிளிம்பு பல்லை உறுவதையும், உ வரிசைக்கு இதழ் குவிவதையும் சேர்த்துச் சொன்னது எவ்வளவு கூரிய கவனிப்பு என்பது இந்த எண்களைப் பார்க்கும்போது விளங்குகிறது. இரண்டாம் எண் நாக்கின் முன்னால் உள்ள அறை எவ்வளவு சிறியது என்பதைக் காட்டுகிறது.

ஆக, ‘அகலம்’ என்று நாம் ஒரே சொல்லால் சொல்வதற்குள் இரண்டு அளவுகள் கலந்திருக்கின்றன. ஆ இரண்டு அளவிலும் பெரிது: வாயும் திறந்திருக்கிறது, அறையும் பெரிது. ஈ இரண்டிலும் சிறிது. ஊதான் குழப்பக்காரன். வாய் குறுகியிருப்பதால் ஒடுங்கிய ஒலி என்று தோன்ற வேண்டும்; அறை பெரிதாக இருப்பதால் ஆழமான ஒலி என்றும் தோன்ற வேண்டும். குழந்தைகளிடம் ஆ, ஈ, ஊ மூன்றில் பெரியது எது, சிறியது எது என்று கேட்டால், ஆவுக்கும் ஈக்கும் பதில் சட்டென வரும். ஊ வரும்போது வகுப்பு இரண்டாகப் பிரியும். ‘கிணறு மாதிரி இருக்கு’ என்பார் ஒரு பிள்ளை. ‘ஊசி மாதிரி இருக்கு’ என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரி; ஒருவர் அறையைக் கேட்டார், மற்றவர் வாசலைக் கேட்டார். (ஊசி என்ற சொல்லே ஊவில் தொடங்குவது பதிலை இழுத்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.)

இன்னொன்றையும் கவனிக்கலாம். ஈ சொல்லும்போது உதடு பக்கவாட்டில் விரிகிறது. கண்ணாடியில் பார்த்தால் அதுதான் மிக அகன்ற வாய். ஆனாலும் ஒலி குறுகியதாகவே கேட்கிறது. கண் காணும் அகலமும் காது கேட்கும் அகலமும் வேறு வேறு என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை.

இந்த உணர்வை முறையாகச் சோதித்தவர்களில் முன்னோடி அமெரிக்க மொழியியலாளர் எட்வர்ட் சபீர். 1929இல் வெளியான அவரது ஆய்வில், மல், மில் என்ற இரு பொருளற்ற சொற்களைக் கொடுத்து, இரண்டும் மேசையைக் குறிக்கும் சொற்கள் என்று வைத்துக்கொண்டால் எது பெரிய மேசை என்று கேட்டார். பள்ளி மாணவர்களும் பெரியவர்களுமாக ஏறத்தாழ 500 பேர் பங்கேற்றனர். பெரும்பாலும் ஐந்தில் நான்கு பேர் மல்தான் பெரியது என்றனர். சில ஆண்டுகள் கழித்து 1934இல் ஹார்வர்டில் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ், சொல்லையே விட்டுவிட்டு வெறும் தொனிகளைக் கொடுத்தார். வெவ்வேறு அதிர்வெண் கொண்ட இரு தொனிகளும் ஒரே ‘பருமன்’ உள்ளவையாகத் தோன்றும் வரை ஒன்றின் உரப்பைக் கூட்டிக் குறைக்கச் சொன்னார். உயர்ந்த தொனி, தாழ்ந்த தொனியின் அளவுக்குப் பெரிதாகத் தோன்ற வேண்டுமானால் அதன் உரப்பைக் கூட்ட வேண்டியிருந்தது. அதாவது தாழ்ந்த ஒலி காதுக்கு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. உயர்ந்த ஒலி புள்ளிபோல் நிற்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், ஹப்பர்டுடன் சேர்ந்து 2001இல் எழுதிய ‘பூபா–கிக்கி’ சோதனை இதற்கு உறவுமுறை: உருண்டு திரண்ட வடிவத்துக்குப் பூபா என்றும், கூர்முனை வடிவத்துக்குக் கிக்கி என்றும் 95 சதவீதம் பேர் பெயர் சூட்டினர். ஆனால் அங்கே மெய்யெழுத்துகளும் மாறுகின்றன. எனவே உயிரொலிக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது.

ஏன் இப்படி? ஜான் ஓஹாலா என்ற ஒலியியலாளர் தந்த விளக்கம் பலராலும் ஏற்கப்படுவது. உலகில் சிறிய பிராணிக்குச் சிறிய குரல்குழாய், உயர்ந்த ஒலி. பெரிய பிராணிக்குப் பெரிய குழாய், தாழ்ந்த ஒலி. குஞ்சு கீச்சிடுகிறது, எருமை கனைக்கிறது. வாழ்நாள் முழுதும் கேட்கும் இந்த உறவைக் காது உயிரொலிக்கும் நீட்டிக்கொள்கிறது. இது முழு விளக்கமா என்றால், பாதி விளக்கம் என்பேன். ஏனெனில் காது இதைவிடப் புத்திசாலி. ஒரு குழந்தையின் ஆ, பீட்டர்சன்–பார்னி அளவில் 1030, 1370 ஹெர்ட்ஸ். ஆணின் ஆவைவிட மிக உயர்வு. ஆனாலும் ‘சிறிய ஆள் சொன்ன பெரிய உயிர்’ என்று நாம் சரியாகவே கேட்கிறோம். ஆளின் அளவை ஒரு கணக்கிலும் உயிரின் அளவை இன்னொரு கணக்கிலும் காது வைத்திருக்கிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஆசிரியரின் கனத்த குரலைக் கேட்டுத் தன் மெல்லிய குரலில் அதே எழுத்தைத் திருப்பிச் சொல்வது, நாம் நினைப்பதைவிடப் பெரிய காரியம்.

தமிழில் இந்த அகலம் சொற்களுக்குள்ளும் படிந்திருக்கிறது. இது, அது, இங்கே, அங்கே, இவன், அவன். அருகில் உள்ளதற்கு இகரம், தொலைவில் உள்ளதற்கு அகரம். இடைப்பட்டதற்கு உகரச்சுட்டு, நம் பேச்சில் அது போய்விட்டாலும் யாழ்ப்பாணத் தமிழில் உது, உவன் என்று இன்றும் வழங்குகிறது. கன்னடம், தெலுங்கு, மலையாளத்திலும் அண்மைக்கு இகரம், சேய்மைக்கு அகரம் என்ற முறை உண்டு. இரட்டைக்கிளவிகளில் இன்னும் துலக்கம். காலில் கட்டிய சிறு மணி கிணுகிணுக்கிறது. கோயில் மணி கணகணக்கிறது. மின்மினி மினுமினுக்கிறது, தேய்த்த குத்துவிளக்கு பளபளக்கிறது. சிட்டு கீச்சுகீச்சென்கிறது, காகம் கரைகிறது. தொலைவில் இருப்பவரைக் கூப்பிட நாம் எடுப்பதும் அகன்ற உயிர்தான்: கண்ணன் கண்ணா ஆகிறான், முருகன் முருகா ஆகிறான்.

இதைக் கேட்டதும் ‘அப்படியானால் இகரம் வந்தால் சிறிது, அகரம் வந்தால் பெரிது’ என்று விதி செய்துவிடும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். ‘கிடுகிடு பள்ளம்’ என்கிறோம். இகரம் நிறைந்த அந்தச் சொல் குறிப்பது அடி தெரியாத ஆழத்தை. நீளம், விரிவு, மிகுதி எல்லாவற்றிலும் இகர ஈகாரம் உண்டு. கொரிய மொழியின் ஒலிக்குறிப்புச் சொற்களில் முறை தலைகீழ்: சிறு கல் நீரில் விழுந்தால் ‘போங்தாங்’, பெரிய கல் விழுந்தால் ‘பூங்தொங்’, அங்கே ஆவும் ஓவும் சிறுமைக்கு உரியவை. வியட்நாமில் பேசப்படும் பாநார் மொழியில் ஈ பெருமைக்கும் ஆ சிறுமைக்கும் வருவதாக மொழியியலாளர் டிஃப்லோத் காட்டியிருக்கிறார். அதேவேளை, ஆயிரக்கணக்கான மொழிகளின் அடிப்படைச் சொற்களை ஒப்பிட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வு, ‘சிறிய’ என்ற பொருளுள்ள சொல்லில் இகர ஒலி எதிர்பார்ப்பைவிட அதிகமாக வருகிறது என்று கண்டது. காது தரும் சாய்வு பொதுவானது. அந்தச் சாய்வை என்ன செய்வது என்று ஒவ்வொரு மொழியும் தானே முடிவு செய்துகொள்கிறது.

உயர்நிலை வகுப்பில் இதைச் சோதனையாகவே செய்யலாம். அறிவியல் ஆசிரியருக்கு நல்ல வாய்ப்பு. சபீரின் சொற்களை அப்படியே எடுக்க முடியாது. மல் என்றதும் மற்போர் நினைவுக்கு வரும், மில் என்றதும் பஞ்சாலை வரும். கீபு, காபு போன்ற பொருளற்ற சோடிகளைப் பிள்ளைகளே உருவாக்கட்டும். உயிர் ஒன்று மட்டுமே மாற வேண்டும்; குறில் நெடில் மாறக் கூடாது. மாறினால், நீளத்துக்குக் கிடைத்த பதிலை அகலத்துக்குக் கிடைத்ததாக எண்ணிவிடுவோம். பாதிப் பேருக்குக் கீபுவை முதலிலும் மீதிப் பேருக்குக் காபுவை முதலிலும் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்பவர் வாயைக் கேட்பவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் பதில் சொல்வது காதா கண்ணா என்று தெரியாது. விடையைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதட்டும். ஒரு பாடவேளையில் மாறி, மாறிலி, சார்பின்மை எல்லாம் வந்துவிடும், ஆய்வகமும் தேவையில்லை.

இனித் தொடக்க வகுப்புக்கு வருவோம். சொல்வதெழுதுதல் ஏடுகளைத் திருத்தும்போது எலை, எடம், வெலை, நெறம், ஒடம்பு, ஒலகம், பொகை, மொதலை, கொரங்கு என்று வரும் பிழைகளுக்குக் கணக்கே இல்லை. ‘காதைத் தீட்டிக் கேள்’ என்று சொல்லித் திருத்துவது வழக்கம். இந்த அறிவுரை பயன்படாது. காரணம், பிள்ளை சரியாகத்தான் கேட்டிருக்கிறது. பேச்சுத் தமிழில் இலை என்பதன் முதல் உயிர் உண்மையிலேயே எகர அளவுக்கு அகன்றுவிட்டது. அடுத்த அசையில் ஐ அல்லது அ என்ற அகன்ற உயிர் காத்திருக்கிறது. அதற்குத் தாடை முன்கூட்டியே இறங்கத் தொடங்குகிறது. இடையில் ஒற்றை மெய்தான் இருப்பதால் தடுக்க ஆளில்லை. இகரம் எகரமாகிறது, உகரம் ஒகரமாகிறது. காது அந்த அகலத்தை அளந்து, நேர்மையாக எழுதச் சொல்கிறது.

இது ஒழுங்கான மாற்றம் என்பதால் பிழை எங்கே வரும், எங்கே வராது என்று முன்கூட்டியே சொல்ல முடியும். இடி, புலி, குருவி, துணி ஆகியவற்றில் அடுத்த உயிர் ஒடுங்கியது. முதல் உயிர் அப்படியே நிற்கிறது. இவற்றை எடி, பொலி என்று எழுதும் பிள்ளை அரிது. குப்பை, கிண்ணம், திண்ணை, முத்தம் ஆகியவற்றில் அடுத்த உயிர் அகன்றதுதான். ஆனால் நடுவே இரட்டை மெய் சுவர்போல் நிற்பதால் அகலம் இந்தப் பக்கம் கடக்கவில்லை. குடை, கொடை ஆகிறது. குட்டை, கொட்டை ஆவதில்லை. குடையும் கொடையும் பேச்சில் ஒன்றாகிவிட்ட பிறகு எந்தக் காதாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. பிரித்துக் காட்ட வேண்டியது பொருளும் கண்ணும்.

அதனால், இத்தகைய சொற்களுக்கு மட்டும் ‘வீட்டு ஒலி’, ‘ஏட்டு ஒலி’ என்று இரண்டு பத்திகள் கொண்ட ஒரு பக்கத்தைக் குறிப்பேட்டில் ஒதுக்கச் சொல்வது நல்ல வழி. பிள்ளை தன் வீட்டில் சொல்வதை முதல் பத்தியில் எழுதலாம். அங்கே கொடை என்று எழுதினால் அது பிழையில்லை, பதிவு. இரண்டாம் பத்தியில் குடை. எண்ணும் எழுத்தும் வகுப்பிலேயே இதைத் தொடங்கலாம். பத்துப் பதினைந்து சொற்கள் சேர்ந்ததும், ‘எந்த எழுத்துக்கு முன்னால் இப்படி ஆகிறது?’ என்று கேட்டால் நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் விதியைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள். பிழைக்கு வட்டம் போட்டுக்கொண்டே போனால் வேறொரு தொல்லை முளைக்கும். எகரம் எழுதினாலே தப்பு என்று பயந்த பிள்ளை செலவைச் சிலவு என்றும், தொடையைத் துடை என்றும் எழுதத் தொடங்கும். கடைக் கணக்குகளில் ‘சிலவு’ எழுதும் பெரியவர்கள் பலர் இப்படித் திருத்தப்பட்ட பிள்ளைகளாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இதுவரை சொன்னது சரியாகக் கேட்கும் காதைப் பற்றி. இதைவிட முக்கியமானது, சரியாகக் கேட்காத காதை அடையாளம் காண்பது.

மேலே கரும்பலகையில் எழுதிய எண்களுக்குத் திரும்புங்கள். ஈயின் முதல் ஒத்ததிர்வு 270. ஊவின் முதல் ஒத்ததிர்வு 300. இரண்டும் ஏறத்தாழ ஒன்று. இவற்றைப் பிரித்துக் காட்டுவது இரண்டாம் எண் மட்டுமே: 2290, 870. ஒரு குழந்தைக்குத் தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்டு, 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்கும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தால் என்ன ஆகும்? ஈயை ஈயாக்கும் அந்தச் சிறிய அறையின் ஒலி அந்தக் குழந்தையை எட்டாது. எஞ்சுவது 270 மட்டும். அது ஊவாகவே கேட்கும். கீரை கூரையாகும். தீது தூதாகும்.

இத்தகைய குழந்தையை வகுப்பில் கண்டுபிடிப்பது கடினம். பெயரைக் கூப்பிட்டால் திரும்பும். மேசையைத் தட்டினால் திடுக்கிடும். மணி அடித்தால் எழுந்து ஓடும். தாழ்ந்த ஒலிகள் கேட்பதால் ‘இவனுக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது, கவனம்தான் இல்லை’ என்ற முடிவுக்கு வீடும் பள்ளியும் எளிதில் வந்துவிடும். இன்னொரு மறைப்பும் உண்டு. ஈக்கும் ஊக்கும் உதடு முற்றிலும் வேறு. ஒன்று விரிகிறது, ஒன்று குவிகிறது. ஆசிரியர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை குழந்தை உதட்டைப் படித்துச் சமாளித்துவிடும். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னால் மட்டும் கீரை கூரையாகும். ஆகவே பிழை எது என்பதோடு, பிழை வரும்போது நம் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். பேச்சுப் பிழையிலிருந்து பேச்சுவழக்குப் பிழையைப் பிரிப்பதும் இங்கே எளிது. இலையை எலை என்று எழுதுவது வழக்கு. அங்கே அகலம் ஒரு படி மாறுகிறது, அதற்குக் காரணமும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கீரையைக் கூரை என்று எழுதுவதற்கு எந்த வட்டார வழக்கிலும் காரணம் இல்லை.

சந்தேகம் வந்தால் செய்து பார்க்க ஓர் எளிய முறை இருக்கிறது. செவித்திறன் குறைந்த குழந்தைகளின் பேச்சுக் கல்வியில் ஈடுபட்ட டேனியல் லிங் உருவாக்கியது. ஆறு ஒலிச் சோதனை என்று பெயர். ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்பவை அந்த ஆறு. மகரமும் ஊவும் தாழ்ந்த பகுதி, ஆ நடுப்பகுதி, ஈ அதற்கு மேல், ஷ் இன்னும் மேலே, ஸ் உச்சி. பேச்சுக்குத் தேவையான அதிர்வெண் பரப்பு முழுவதையும் இந்த ஆறும் தொட்டுச் செல்கின்றன. கருவி எதுவும் வேண்டாம்.

அமைதியான அறை வேண்டும். சத்துணவுக் கூடத்துக்கு அருகிலோ விளையாட்டு வேளையிலோ செய்ய வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். முதலில் முகம் பார்த்து, நான் சொல்வதைத் திருப்பிச் சொல் என்று விளையாட்டாகப் பழக்குங்கள். பிறகு குழந்தைக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி நின்று, சாதாரணப் பேச்சுக் குரலில், வரிசையைக் கலைத்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஒலிகளுக்கு இடையே உள்ள இடைவெளியும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. சீராக இருந்தால் குழந்தை தாளத்தைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லிவிடும். கையால் வாயை மூடிக்கொண்டு சொல்வதும் தவறு; கை உயர்ந்த ஒலிகளை மட்டுப்படுத்திவிடும். நிழல் விழுந்தோ மூச்சுக்காற்று பட்டோ குழந்தைக்குத் துப்புக் கிடைக்காத இடத்தில் நில்லுங்கள். மூன்று மீட்டர் தள்ளியும் ஒருமுறை செய்யுங்கள். எந்த ஒலி விடுபட்டது, எது எதுவாகத் திரும்பி வந்தது என்று எழுதிவையுங்கள். சளி பிடித்திருக்கும் நாளில் காதடைப்பு இருக்கக்கூடும்; அன்று செய்ததை வைத்து முடிவுக்கு வராமல் இரண்டு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள்.

இது நோயறியும் சோதனை அன்று. அந்த வேலை செவித்திறன் வல்லுநருடையது. ஆனால் ‘ஈ சொன்னால் ஊ என்கிறான், ஸ் சொன்னால் பதிலே இல்லை, முகம் பார்த்தால் எல்லாம் சரி’ என்ற ஒற்றைவரிக் குறிப்பு, ‘பாடத்தில் கவனமில்லை’ என்ற குறிப்பைவிட மருத்துவருக்கு நூறு மடங்கு பயன்படும். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் அந்தக் குறிப்பைக் கொடுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமும் சொல்லுங்கள். குழு வரும் நாள் தள்ளி இருந்தால், பெற்றோரை அழைத்து அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகச் சொல்லலாம். போகும்போது குறிப்பையும் கையில் கொடுத்தனுப்புங்கள். ‘பையன் நன்றாகத்தான் கேட்கிறானே’ என்று பெற்றோர் சொல்லக்கூடும். அவர்களையே குழந்தைக்குப் பின்னால் நிற்கவைத்து, கீரை என்றும் கூரை என்றும் மாற்றி மாற்றிச் சொல்லச் செய்து, குழந்தை எந்தப் படத்தைத் தொடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

முடிவு வரும்வரை அந்தக் குழந்தையை முன்வரிசையில், உங்கள் முகத்தில் வெளிச்சம் படும் பக்கமாக உட்கார வையுங்கள். சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் இருட்டாகி உதடு தெரியாது. கரும்பலகையில் எழுதி முடித்த பிறகு திரும்பி நின்று சொல்லுங்கள். சொல்வதெழுதுதலின்போது ஈகாரச் சொற்களை இருமுறை சொல்லுங்கள்.